மதியப் பை

சிலுவைராஜின் கணுக்காலை அமுதம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் குழி நிரம்பவில்லை. முந்தின நாள் கணுக்காலோடு நின்றிருந்த வீக்கம் இப்போது முழங்காலுக்கு ஏறியிருந்தது.

"தண்ணி குடிச்சியளா?"

"இல்ல."

"பொய் சொல்லாதிய."

"நீ அளந்து தந்ததுக்கு மேல ஒரு முழுங்கு தொண்டைக்குள்ள போகல. வேணும்னா வேதபுத்தகத்து மேல கைய வைக்கேன்."

"வேதபுத்தகத்த இதுல இழுக்காதிய. பின்ன எங்கேருந்து வருது இம்புட்டுத் தண்ணி?"

 அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினான். இரண்டு நாட்களாக அவனால் படுக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சை யாரோ அழுத்துவது போல இருப்பதாகச் சொன்னான்.

சிலுவைராஜுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து இரண்டு வருடம் ஆகிறது. போர்ட் பிளேரில் அவன் தொப்புளுக்குக் கீழே ஒரு மெல்லிய குழாயை வைத்து அனுப்பினார்கள். அவர்கள் இருந்த லாங் ஐலண்ட் தீவில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் கிடையாது. இயந்திரம் வேண்டுமென்றால் வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்கு வீட்டையும் மீன்பிடிக்கும் டிங்கிப் படகையும் விட்டுவிட்டு, மகன் டெர்வின் பாம்பூஃப்ளாட்டில் எடுத்திருக்கும் ஒற்றை அறைக்குக் குடிபோக வேண்டும். அங்கிருந்து ஒவ்வொரு முறையும் ஃபெர்ரியில் துறைமுகத்தைக் கடக்க வேண்டும். இந்தக் குழாய் இருக்கும் வரை வீட்டிலேயே இருக்கலாம். அதனால் அந்த வீட்டில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் மேலாகப் பாதுகாத்தது அந்தக் குழாயைத்தான்.

செய்முறை கடினமானதல்ல. இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர் நிரம்பிய பையை உத்தரத்து ஆணியில் மாட்டினால் அது குழாய் வழியாக வயிற்றுக்குள் இறங்கும். நாலைந்து மணி நேரம் உள்ளே கிடக்கும். குடலைச் சுற்றியிருக்கும் சவ்வின் வழியாக, ரத்தத்திலிருந்து கழிவும் மிஞ்சிய நீரும் அதற்குள் வந்து சேரும். பிறகு அதைத் தரையில் கிடக்கும் வெற்றுப் பைக்குள் வடித்துவிட்டு அடுத்த பையை மாட்ட வேண்டும். ஒரு நாளுக்கு நான்கு முறை. வடித்த பையை அமுதம் மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசில் மாட்டிப் பார்ப்பாள். உள்ளே போனது இரண்டு கிலோ. வெளியே வருவது அதற்கு மேல் இருக்க வேண்டும். கூடுதலாக வருவதுதான் அவனால் சிறுநீராகக் கழிக்க முடியாத தண்ணீர்.

காலை, மாலை, இரவுப் பைகளை இருவரும் சேர்ந்து மாற்றினார்கள். மதியப் பையை அவனே தனியாக மாற்றிக்கொள்வான். அந்த நேரத்தில் அமுதம் பள்ளிக்கூடச் சமையலறையில் இருப்பாள். அவள் கிளம்பும்போது ஒரு பையைத் துண்டில் சுற்றி அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். தூண்டில் கட்டிப் பழகிய விரல்கள். பயிற்சி கொடுத்த நர்ஸ் உமா மகேஸ்வரியே, அமுதத்தைவிட அவன் கை சுத்தம் என்று சொல்லியிருந்தாள். அதை அவன் வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் ஒரு முறையாவது சொல்லிவிடுவான்.

இத்தனையும் சரியாக நடந்தும் அவன் வீங்கினான். அமுதம் உப்பைக் குறைத்தாள். ஊறுகாய் பாட்டிலைப் பள்ளிக்கூடச் சமையலறையில் கூட வேலை செய்யும் ஜெயராணியிடம் கொடுத்துவிட்டாள். குடிதண்ணீர்ப் பானை இருந்த அலமாரிக்குப் பூட்டுப் போட்டாள். ஒரு நாளைக்கான தண்ணீரைப் பாட்டிலில் அளந்து வைத்தாள். அப்படியும் வீக்கம் ஏறியது.

"கடல்லயே கெடந்த மனுஷன்," என்றாள் ஜெயராணி, பருப்பைக் கடைந்துகொண்டே. "அவர தண்ணியில்லாம வைக்க ஒன்னால முடியுமா? பல்லு விளக்கப் போறப்ப குடிப்பாரு. நீ போயி பாத்துக்கிட்டா இருக்க."

அமுதம் அன்று முதல் பல் விளக்கவும் பக்கத்தில் நின்றாள். வாய் கொப்பளித்துத் துப்பிய தண்ணீரைக்கூட அவள் பார்வையால் அளந்தாள். சிலுவைராஜுக்கு அவமானமாக இருந்தது.

"ஜெயில்லகூட இப்படி நிக்க மாட்டானுவ."

"ஜெயில்ல இருக்கவனுக்கு கால் வீங்காது."

படகு வந்து நிற்கும் ஜெட்டியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று அவள் நர்ஸைக் கூப்பிட்டாள்.

"எவ்வளவு வருது, அக்கா?" என்று கேட்டாள் உமா மகேஸ்வரி.

"காலையில சரியா வருது சிஸ்டர். மத்தியானம் ரெண்டே கால்னு அவிய சொல்லுதாவ. சாயங்காலம்தான் கொறைவு. ஒன்னே முக்காதான் நிக்கி."

"போட்டதைவிடக் கம்மியா?"

"ஆமா."

 நர்ஸ் குழாய் மடங்கியிருக்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா, ஒருக்களித்துப் படுத்தால் மிச்சம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதிலும் கோளாறு இல்லை.

"சவ்வு வேலை செய்றது குறைஞ்சிருக்கலாம். டாக்டர்கிட்ட சொல்றேன். ரெண்டு நாள் பாருங்க. தண்ணியக் கண்டிப்பா குறைங்க. சரியாகலைன்னா அடுத்த போட்ல கூட்டிட்டு வந்துடுங்க. மெஷினுக்குத்தான் மாத்தணும்."

"மெஷின்னா அங்கயே இருக்கணுமா?"

"அங்கேயேதான்."

அமுதம் போனைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் பைக்குள் போட்டாள். கூட்டிக்கொண்டு போக போட் கூட இல்லை. ஆனி மாதத்துக் காற்றில் போர்ட் பிளேர் போட் வருவதும் ரத்தாவதுமாக இருந்தது. மருந்துப் பைகள் மேன்லேண்டிலிருந்து கப்பலில் போர்ட் பிளேரின் ஹேடோ துறைக்கு வரும். அங்கே சுமை இறக்கும் வேலையில் இருக்கும் டெர்வின் அவற்றை வாங்கி, லாங் ஐலண்ட் போட்டில் ஏற்றிவிடுவான். பெட்டிகள் ஹேடோவில் தயாராக இருப்பதாகவும், போட்தான் கிளம்பவில்லை என்றும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜஹாஸ் என்று அங்கே சொல்லும் கப்பல் தாமதமானால் தீவில் எல்லாம் பாதியாகும். வெங்காயம் பாதி, கேஸுக்குப் பதில் பாதி நாள் விறகு, ஒரு டிங்கியின் எண்ணெயில் இரண்டு வீட்டுக்கு மீன். யாரும் அறிவிப்பதில்லை. சமையலறையில் குழம்பின் நிறத்தைப் பார்த்தே பிள்ளைகள் கப்பல் வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள். மருந்துப் பையை மட்டும் பாதியாக்க முடியாது என்பதால் அமுதம் கட்டிலுக்கடியில் குனிந்து குனிந்து பெட்டிகளைப் பார்த்தாள். "ஸ்டாக் கத்தம் ஆகப் போகுது, பையெல்லாம் தீரப் போகுது" என்று அவள் புலம்பாத நாள் இல்லை.

மறுநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது சிலுவைராஜ் இரண்டு தலையணைகளை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். உதடு ஈரமாக இருந்தது. அளந்து வைத்த பாட்டிலில் தண்ணீர் குறையவில்லை.

அவள் அவனை எழுப்பவில்லை. எங்கேயோ ஒரு பாட்டில் ஒளித்து வைத்திருக்கிறான் என்று முடிவு செய்து தேட ஆரம்பித்தாள். கட்டிலுக்கடியில் இல்லை. மாதா படத்துக்குப் பின்னால் இல்லை. வலைக் குவியலைப் புரட்டினாள். குளியலறை வாளியைக் கவிழ்த்தாள். கடைசியில் வீட்டுக்குப் பின்னால், டிங்கிச் சாமான்கள் கிடக்கும் கொட்டகைக்குப் போய் பழைய ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினாள்.

தார்ப்பாய்த் துண்டுக்கடியில் மருந்துப் பைகள் இருந்தன. உறை பிரிக்காமல், ஒன்றின் மேல் ஒன்றாக, சீலா மீனை அடுக்குவது போல ஒழுங்காக அடுக்கியிருந்தது.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் எண்ணி எண்ணிப் பயந்தது வீண் என்று தோன்றியது. இந்தப் பைகள் எங்கிருந்து வந்தன என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. மேலாக இருந்த பையோடு ஒரு துண்டும் கிடந்தது. காலையில் அவள் சுற்றி வைத்துவிட்டுப் போன துண்டு.

ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்து அவன் மடியில் போட்டாள்.

"இது என்ன?"

அவன் விழித்துப் பார்த்தான். முகத்தில் குற்றம் செய்த குறியே இல்லை. இன்னும் கொஞ்ச நாள் கழித்துச் சொல்லலாம் என்று வைத்திருந்த நல்ல சேதி முன்னாலேயே தெரிந்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

"ஜஹாஸ் வரலைல்லா. சேத்து வச்சிருக்கேன். நீ ஸ்டாக் கத்தம் ஸ்டாக் கத்தம்னு செத்துக்கிட்டு கெடந்தியே."

"அப்ப மத்தியானம் நீங்க போடவே இல்லியா?"

"காலையில போட்டது உள்ளதான கெடக்கு. அது சும்மாவா கெடக்கும். சாயங்காலம் வரைக்கும் கெடந்தா கூடக் கொஞ்சம் இழுக்கும். வலைய போட்ட ஒடனே தூக்குனா என்ன கெடைக்கும்? விடிய விடியக் கெடந்தாத்தான மீனு."

"ரெண்டே கால்னு சொன்னிய."

அவன் பையைத் திருப்பிப் பார்த்தான். "ஒனக்கு நிம்மதியா இருக்கட்டும்னு சொன்னேன்."

"ஒதடு எப்படி ஈரமாச்சு?"

"துணிய நனைச்சு தொடைச்சேன். நாக்கு ஒட்டிக்கிடுது. குடிக்கல."

அமுதம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஒங்களுக்குப் பயந்து நான் பானைய பூட்டி வச்சேன். நீங்க பல்லு விளக்குத எடத்துல காவலுக்கு நின்னேன்."

"அதான் நான் அப்பமே சொன்னேம்லா, தண்ணி குடிக்கலன்னு."

அதில் மட்டும் அவன் சொன்னது உண்மை. அந்த உண்மை அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. எழுந்து போய் வாசலில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள். மழை விட்டிருந்ததால் ஒரு கோடு சிக்னல் இருந்தது. நர்ஸ் எடுத்ததும் அவனுக்கும் கேட்கிற மாதிரி ஒலியைக் கூட்டி நடந்ததைச் சொன்னாள்.

எதிர்முனையில் உமா மகேஸ்வரி நீண்ட பெருமூச்சு விடுவது கேட்டது.

"அண்ணே, கேக்குதா? அந்தத் தண்ணியில என்ன இருக்குன்னு சொல்லிக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கா?"

"சீனி," என்றான் சிலுவைராஜ்.

"சீனி எதுக்கு?"

"தண்ணிய இழுக்க."

"சீனி எந்தப் பக்கம் கூட இருக்கோ, அந்தப் பக்கம் தண்ணி போகும். பைத் தண்ணிய உள்ள விட்ட புதுசுல, வயித்துக்குள்ள சீனி ஜாஸ்தி, ரத்தத்துல கம்மி. அதனால ரத்தத்துல இருக்க தண்ணி சவ்வு வழியா இந்தப் பக்கம் வருது. சரியா? ஆனா அந்தச் சவ்வு ஒருவழிப் பாதை கிடையாதுண்ணே. தண்ணி இந்தப் பக்கம் வரும்போதே சீனி அந்தப் பக்கம் ரத்தத்துக்குள்ள கசிஞ்சுகிட்டே இருக்கு. நாலஞ்சு மணி நேரத்துல பெரும்பகுதி போயிடும். அப்புறம் இழுக்கிறதுக்கு அங்க என்ன இருக்கு?"

"இழுக்காட்டி சும்மா கெடக்கட்டும். அதுல என்ன நட்டம்?"

"சும்மா கிடக்காது. இழுத்து வச்ச தண்ணிய உடம்பு திரும்ப எடுத்துக்கும். இழுத்தது மட்டுமில்ல, நீங்க ஊத்துன மருந்துத் தண்ணியிலயும் எடுக்கும். ரெண்டு ஊத்துனீங்க, ஒன்னே முக்கா வந்துச்சு. அந்தக் கால் லிட்டர் எங்க போச்சு? உங்க கால்ல இருக்கு. தினமும் நீங்களே வயித்து வழியா குடிச்சிருக்கீங்க. கழிவும் அப்படித்தான். ரெண்டு பக்கமும் சமமானதுக்கு அப்புறம் மேற்கொண்டு வராது. நாலு தடவை புதுத் தண்ணி போட்டாத்தான் நாலு தடவை வெளிய வரும்."

 சிலுவைராஜ் நம்பவில்லை என்பது அவன் தாடை நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"வலைன்னு சொன்னியளே," என்றாள் அமுதம். "கூட நேரம் போட்டு, நண்டு தின்னுட்டு மிச்சம் வச்ச மீன நீங்க கொண்டு வந்ததே இல்லியா? பாதித் தலையும் முள்ளுமா அதை ஜெட்டியில வச்சு வித்துட்டு வந்தவ நான்."

"அது நண்டு. இது சீனி."

"திங்கிறது எதுவானா என்ன. நேரத்துக்குத் தூக்கல."

"அக்கா, சண்டைய அப்புறம் போடுங்க," என்றாள் நர்ஸ். "வீரியம் கூடின பை ரெண்டு தனியா கொடுத்தேனே, இருக்கா? டாக்டர் லைன்ல இருங்கன்னு சொல்றார்." சற்று நேரம் சத்தமில்லை. பிறகு திரும்பி வந்தாள். "உள்ள கிடக்கிறத இப்பவே வடிங்க. அந்தப் பைய மாட்டுங்க. ரெண்டு மணி நேரத்துல வடிச்சு, தராசுல நிறுத்துட்டு எனக்குச் சொல்லுங்க. மூச்சு இன்னும் வாங்குனா காத்திருக்காதீங்க, ஹெல்த் சென்டருக்கு ஓடுங்க. இது சரியா வந்துச்சுன்னா சவ்வுல கோளாறு இல்ல. நீங்க வீட்டுலயே இருக்கலாம். இன்னொரு தடவை இப்படி நடந்தா மெஷின்தான். டாக்டர் அப்படியேதான் சொல்லச் சொன்னார்."

இருவரும் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். கை கழுவினார்கள். அமுதம் பையை மாட்டினாள். தண்ணீர் இறங்கி முடிந்ததும் அவள் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நீ போயி சோத்த வடி. நான் எங்க ஓடிரப் போறேன்."

"ஒங்க மேல எனக்குப் பரோசா இல்ல, நம்பிக்க போச்சு."

"எல்லாம் பாம்பூஃப்ளாட்டுக்குப் போகாம இருக்கத்தான் செஞ்சேன். அந்த ரூம்புல ஜன்னலத் தொறந்தா அடுத்தவன் செவுரு."

"நேரா அங்கதான் போயிக்கிட்டு இருந்திய. இத்தன நாளும்."

அதன் பிறகு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.  பல வருடம் கடலில் காற்றையும் நீரோட்டத்தையும் கணித்தவன், தன் வயிற்றுக்குள் நடப்பதையும் அதே கணக்கில் போட்டிருக்கிறான். கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் நர்ஸ் சொல்லியிருப்பாள். அவன் கேட்கவில்லை. தானும் ஐஸ் பெட்டியைத் திறப்பதற்குள் எத்தனை இடத்தில் தண்ணீரைத் தேடிவிட்டோம் என்று நினைத்தபோது அமுதத்துக்கு அழுகை வரவில்லை, தலை வலித்தது.

பொழுது சாயும் நேரத்தில் வடித்தார்கள். பை நிரம்பி இறுகியது. அமுதம் அதைத் தராசுக் கொக்கியில் மாட்டினாள். முள் இரண்டைத் தாண்டியது. இரண்டரையையும் தாண்டிப் போய் நின்றது.

சிலுவைராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தராசு பழசு," என்றான்.

அமுதம் வடித்த பையை இறக்கிவிட்டு, பிரிக்காத புதுப் பை ஒன்றை அதே கொக்கியில் மாட்டினாள். முள் இரண்டைத் தொட்டு நின்றது.  இரவுப் பையையும் மாற்றி முடித்ததும் சிலுவைராஜ் முதுகுக்கு வைத்திருந்த இரண்டு தலையணைகளில் ஒன்றை எடுத்துவிடச் சொன்னான்.

வீக்கம் ஒரே நாளில் வடியவில்லை. முழங்காலிலிருந்து இறங்கி, கணுக்காலில் பல நாள் நின்று அடம்பிடித்தது. அமுதம் சமையலறையில் சொல்லிவிட்டு மதிய நேரத்துக்கு வீட்டுக்கு ஓடிவந்தாள். ஜெயராணி முகம் கொடுத்துப் பேசவில்லை. அமுதத்தின் பங்குப் பாத்திரத்தையும் சேர்த்து அவள்தான் கழுவ வேண்டியிருந்தது. போட் வரவே இல்லை. கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிகள் தீர்ந்து, ஐஸ் பெட்டியில் இருந்த பைகளைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் சேத்து வைக்காட்டி இன்னைக்கு எதப் போட்டிருப்ப?" என்று கேட்டான் சிலுவைராஜ்.

அமுதம் அடுத்த பையின் உறையைப் பிரித்தாள். 

போட் வந்த நாளில் ஊதல் சத்தம் சரியாக மதியப் பைக்கு உட்கார்ந்த நேரத்தில் கேட்டது. பெட்டிகளை வீட்டு ஆள்தான் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். போட் அதிக நேரம் நிற்காது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"நீ போ. பெட்டி நனைஞ்சிரும்," என்றான் அவன். வாயைக் கட்டியிருந்தான்.

அவள் பையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"போ, அமுதம். ஜல்தி."

ஜெட்டியில் முதலில் கோழித் தீவன மூட்டைகளை இறக்கினார்கள். பிறகு வெங்காயம். பிறகு யாருடைய வீட்டுக்கோ ஒரு வாஷிங் மெஷின். அதைப் பலகையில் இறக்கும் வழியைப் பற்றி இந்தியிலும் பெங்காலியிலும் பெரிய விவாதம் நடந்தது. அமுதம் மூன்று முறை முன்னால் போய்க் கேட்டாள். "ருக்கோ, அம்மா" என்று காத்திருக்கச் சொன்னார்கள். அவள் வீடு இருந்த மேட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்து கூரை மட்டும்தான் தெரிந்தது. மருந்துப் பெட்டிகள் கடைசியாக வந்தன. தள்ளுவண்டிக்காரர் முருகையாவை அவள் அவசரப்படுத்திய அவசரத்தில் ஒரு பெட்டி சரிந்து விழுந்தது.

"என்னம்மா, வீட்டுல அடுப்புல வச்சிட்டு வந்துட்டியா?" என்றார் அவர்.

"ஆளையே வச்சிட்டு வந்திருக்கேன்."

வீட்டு வாசலில் தராசு தொங்கியது. தெருவில் வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி உத்தரத்தில் மாட்டி, கொக்கியில் வடித்த பையைத் தொங்கவிட்டிருந்தான். வெளிறிய மஞ்சள் தண்ணீர். முள் இரண்டே காலுக்கு மேல் நின்றது.

அமுதத்துக்கு முள்ளைப் பார்த்த பிறகும் திருப்தி வரவில்லை. குழாய்த் தண்ணீரில் துளி மஞ்சள்தூளைக் கலந்தாலும் இந்த நிறம் வரும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலும் அவன் மேலும் ஒரே அளவு கோபம் வந்தது. புறங்கையைப் பையின் மேல் வைத்துப் பார்த்தாள்.

சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் முன்பு வரை உடம்புக்குள் கிடந்த தண்ணீரின் சூடு.

"இன்னும் நம்பலியா?" உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது.

"இல்ல."

"முருகையா பாத்துக்கிட்டு நிக்காரு. எறக்கி வை."

"பாக்கட்டும். நாளைக்கும் இங்கயே மாட்டுங்க," என்றாள் அமுதம். "நான் வந்து தொட்டுப் பாத்துட்டுத்தான் எறக்குவேன்."

முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், கட்டிலுக்கடியில் தள்ளினாள். பிறகு கொட்டகைக்குப் போய் காலி ஐஸ் பெட்டியை இழுத்து வந்து, தெருவோரமாகக் கவிழ்த்துப் போட்டாள்.